அழிக்க முடியாத செயலி

நுழையும்முன்

நெல் விற்ற பணமும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அரசின் உதவித்தொகையும் இன்று உழவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக வந்து சேர்கின்றன. அக்கணக்கைத் திறக்கும் வாயிலாகத் திறன்பேசி விளங்குகிறது. வேண்டாத செயலியொன்று அத்திறன்பேசிக்குள் புகுந்து, தன்னை நீக்கவும் விடாமல் தடுத்தால் என்ன செய்வது? அதற்கு அத்தகைய வலிமையை அளித்தவர் யார்? அளித்ததைத் திரும்பப் பெறும் வழி எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதாக இப்பாடம் அமைகிறது.

அறுவடைக் காலத்தில் வந்த செய்தி

குறுவை அறுவடை நடைபெறும் நாள்களில் காவிரிப் படுகையின் சிற்றூர்கள் ஓய்வறியா. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் களத்துமேடுகளும் சாலையோரங்களும் நெல் காயும் இடங்களாக மாறிவிடும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்னும் கவலையுடன் நெல்லை உலர்த்தி, மூட்டைகளாக்கி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உழவர்கள் காத்திருப்பர். எடை போட்டு முடிந்ததும் அவர்கள் கையில் கிடைப்பது பணமன்று. ஒப்புகைச் சீட்டே ஆகும். பணம் சில நாள்களில் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். "பணம் ஏறிவிட்டதா?" என்று அறிய, ஒரு நாளைக்குப் பலமுறை திறன்பேசியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அத்தகைய ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். ஒரத்தநாட்டுப் பகுதியைச் சேர்ந்த உழவர் ஒருவரின் திறன்பேசிக்குச் செய்தி ஒன்று வருகிறது. அது அவருக்கு நன்கு அறிமுகமான பக்கத்து வயல்காரரின் எண்ணிலிருந்தே வந்திருக்கிறது. 'உங்கள் உதவித்தொகை நிறுத்தப்பட உள்ளது. விவரங்களைப் புதுப்பிக்க உடனே இச்செயலியை நிறுவுக' என்று அதில் எழுதப்பட்டுள்ளது. கீழே 'ஏ.பி.கே.' என முடியும் கோப்பு ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளது. அவர் அதனைத் தொடுகிறார். அடுத்தடுத்துத் தோன்றிய திரைகளில் 'அனுமதி', 'சரி', 'செயல்படுத்து' என்று கேட்கப்பட்ட இடங்களில் எல்லாம் தொட்டுக்கொண்டே செல்கிறார். செயலி திறக்கிறது, ஆனால் அதில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஐயம் கொண்டு அதனை நீக்க முயல்கிறார். முடியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மகளிடம் திறன்பேசியை நீட்டுகிறார்.

"இத அழிக்கவே முடியலையேம்மா. போனு கெட்டுப்போச்சா?"

"கெடலப்பா. அதுக்கு நீங்க ஏதோ அதிகாரம் கொடுத்திருக்கீங்க. மொதல்ல அதத் திரும்ப வாங்கணும். அப்புறந்தான் அழிக்க முடியும்."

இக்குடும்பம் எடுத்துக்காட்டிற்காகக் கூறப்பட்டது. எனினும் இம்மோசடி கற்பனையன்று. நடுவண் அரசின் பி.எம். கிசான் திட்டத்தின்கீழ் தகுதியுடைய உழவர் குடும்பங்களுக்கு ஆண்டிற்கு 6000 ரூபாய், 2000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. அத்திட்டத்தின் பெயரைத் தாங்கிய போலிச் செயலிகள் வாட்ஸ்அப் வழியே பரவுவது குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024ஆம் ஆண்டில் பொதுமக்களை எச்சரித்தது. போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கிக் கணக்குப் புதுப்பிப்பு, திருமண அழைப்பிதழ் எனப் பல வேடங்களில் இத்தகைய கோப்புகள் வருகின்றன. பாதிக்கப்பட்டவரின் திறன்பேசியிலிருந்தே அவருடைய உறவினர்க்கும் நண்பர்க்கும் அவை அனுப்பப்படுவதால், தெரிந்தவர் அனுப்பியது என்று நம்பிப் பலர் ஏமாறுகின்றனர்.

வரப்பும் மதகும்

அந்த மகள் கூறிய 'அதிகாரம்' என்பது யாது? அதனை அறிய, ஆண்ட்ராய்டு இயங்குதளம் செயலிகளை எவ்வாறு நடத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படுகையில் ஒவ்வொரு வயலுக்கும் வரப்பு உண்டு. ஒரு வயலின் நீர் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குத் தானாகச் செல்லாது. மடையைத் திறந்தால் மட்டுமே செல்லும். ஆண்ட்ராய்டும் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஒரு செயலி சேமித்துள்ள தகவலை மற்றொரு செயலி எடுத்துவிட இயலாது. குறுஞ்செய்திகளைப் படிக்கவோ, தொடர்பு எண்களைப் பார்க்கவோ, ஒளிப்படம் எடுக்கவோ ஒரு செயலி விரும்பினால், அது நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். இவ்வனுமதி, வரப்பில் ஒரு மடையைத் திறந்துவிடுவதற்கு ஒப்பானது.

'சாதன நிர்வாகி' என்னும் அதிகாரம் இதனினும் பெரியது. அது தனி மடையன்று. வாய்க்காலின் தலைப்பு மதகு போன்றது. மதகின் கட்டுப்பாட்டைப் பெற்றவர், அவ்வாய்க்காலை நம்பியிருக்கும் வயல்கள் அனைத்தையும் காயவிடவும் முடியும், மூழ்கடிக்கவும் முடியும். அவ்வாறே நிர்வாகி அதிகாரம் பெற்ற செயலி, திறன்பேசி முழுமையின்மீதும் சில ஆணைகளைப் பிறப்பிக்கலாம். திரையை உடனே பூட்டுதல், திரைப்பூட்டின் கடவுச்சொல்லுக்கு விதிகள் வகுத்தல், பூட்டைத் திறக்க எத்தனை முறை தவறாக முயன்றனர் என்பதைக் கண்காணித்தல், கேமராவை முடக்குதல், திறன்பேசியில் உள்ள தகவல்கள் அனைத்தையும் அழித்தல் ஆகியன அவற்றுள் சில.

இவற்றுடன் மேலும் ஒரு பாதுகாப்பும் அச்செயலிக்குக் கிடைக்கிறது. நிர்வாகியாக இருக்கும்வரை அதனை நீக்க இயலாது. மேற்கண்ட உழவர் எதிர்கொண்ட தடை இதுவே.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். எந்தச் செயலியும் இவ்வதிகாரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளுமாறு இயங்குதளம் அமைக்கப்படவில்லை. அச்செயலி என்னென்ன செய்ய இயலும் என்பதைப் பட்டியலிட்டு ஒரு திரை தோன்றும். அதன் அடியில் உள்ள 'செயல்படுத்து' என்னும் பொத்தானைத் திறன்பேசியின் உரிமையாளர் தொட்டால் மட்டுமே அதிகாரம் கைமாறும். ஆகவே, இது நாம் கொடுத்த அதிகாரமே. நாம் கொடுத்தது என்பதாலேயே நாம் திரும்பப் பெறவும் இயலும்.

நன்மைக்காகத் தோன்றிய ஏற்பாடு

தீமைக்குப் பயன்படும் இவ்வமைப்பை இயங்குதளத்தில் ஏன் வைத்தனர் என்னும் வினா எழலாம். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் இவ்வசதி அறிமுகமானது. அலுவலகங்களின் மின்னஞ்சல்களைப் பணியாளர்கள் தம் திறன்பேசியிலேயே பார்க்கத் தொடங்கிய காலம் அது. ஒரு பணியாளரின் திறன்பேசி தொலைந்தால், அதில் உள்ள அலுவலகச் செய்திகள் அயலார் கையில் சிக்கிவிடும். அதனைத் தொலைவிலிருந்தே பூட்டவும் அழிக்கவும் நிறுவனத்திற்கு ஒரு வழி தேவைப்பட்டது.

நீக்குதலைத் தடுக்கும் ஏற்பாட்டிற்கும் தக்க காரணம் உண்டு. தொலைந்த திறன்பேசியைக் கண்டறிய உதவும் செயலியைத் திருடன் முதலில் நீக்கிவிட்டால் அதனால் பயனொன்றும் இல்லை. எனவே, நிர்வாகியாக உள்ள செயலியை நேரடியாக நீக்க முடியாதவாறு அமைத்தனர். வீட்டைக் காக்கப் பூட்டிய பூட்டு, திருடன் உள்ளே புகுந்து தாழிட்டுக்கொள்ளவும் உதவிவிட்டது.

தெரியுமா?

2013ஆம் ஆண்டு, காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர்கள் 'ஓபாட்' எனப் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்றைக் கண்டறிந்தனர். இயங்குதளத்தில் அப்போது இருந்த குறை ஒன்றைப் பயன்படுத்தி, அது நிர்வாகி அதிகாரத்தைப் பெற்ற பின்னரும் நிர்வாகிகள் பட்டியலில் தன் பெயரைக் காட்டாமல் மறைந்துகொண்டது. பட்டியலில் பெயர் இல்லாததால், பயனரால் அதன் அதிகாரத்தைத் திரும்பப் பெற இயலவில்லை. பின்னர் வெளிவந்த பதிப்புகளில் அக்குறை களையப்பட்டது.

இத்தகைய பட்டறிவுகளால் நிர்வாகி அதிகாரத்தின் எல்லை படிப்படியாகச் சுருக்கப்பட்டது. 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 பதிப்பு முதல், பயனர் முன்பே வைத்துள்ள திரைப்பூட்டுக் கடவுச்சொல்லை நிர்வாகிச் செயலி மாற்ற இயலாது. திறன்பேசியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்களுக்கு இது பெருந்தடையாயிற்று. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 பதிப்பை இலக்காகக் கொண்டு உருவாக்கப்படும் செயலிகளுக்கு, கேமராவை முடக்குதல், கடவுச்சொல் விதிகளை வகுத்தல் போன்ற அதிகாரங்கள் இவ்வழியில் கிடைப்பதில்லை. எனினும் திரையைப் பூட்டும் அதிகாரமும் நீக்குதலைத் தடுக்கும் அரணும் தொடர்கின்றன. மேலும், பழைய பதிப்புகளைக் கொண்ட திறன்பேசிகள் பல வீடுகளில் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

திரும்பப் பெறும் முறை

தீய செயலி ஒன்று திறன்பேசியில் புகுந்துவிட்டதாக ஐயம் தோன்றினால், பதற்றமின்றி வரிசையாகச் செயல்படுதல் வேண்டும்.

முதலாவதாக, திறன்பேசியின் தொடர்புகளைத் துண்டிக்க வேண்டும். திரையின் மேற்புறத்திலிருந்து கீழே இழுத்தால் தோன்றும் பட்டியலில் 'விமானப் பயன்முறை' இருக்கும். அதனை இயக்கி, வைஃபை இணைப்பும் அணைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நமக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொற்களை அச்செயலி மோசடிக்காரருக்கு அனுப்புவதை இது நிறுத்தும்.

இரண்டாவதாக, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கின் இணையவழிப் பரிமாற்றங்களை நிறுத்தி வைக்குமாறு கேட்க வேண்டும். நம் இரகசிய எண்கள் முன்பே களவு போயிருக்கக்கூடும் என்பதால், செயலியை நீக்கும்வரை இதனைத் தள்ளிப்போடுதல் கூடாது.

மூன்றாவதாக, வந்த செய்தியையும் செயலியின் பெயரையும் மற்றொரு திறன்பேசியால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புகார் அளிக்கும்போது அவை சான்றாகும்.

நான்காவதாக, நிர்வாகி அதிகாரத்தைத் திரும்பப் பெற வேண்டும். 'அமைப்புகள்' பகுதியைத் திறந்து, 'பாதுகாப்பு' அல்லது 'பாதுகாப்பும் தனியுரிமையும்' என்னும் பிரிவிற்குள் சென்றால், 'சாதன நிர்வாகி' என்னும் சொற்களைக் கொண்ட பட்டியலைக் காணலாம். சில திறன்பேசிகளில் அது 'பிற பாதுகாப்பு அமைப்புகள்' என்பதற்குள் இருக்கும். நிறுவனத்திற்கு நிறுவனம் இடமும் பெயரும் மாறுவதால், அமைப்புகள் பகுதியின் தேடுபெட்டியில் 'நிர்வாகி' என்று உள்ளிட்டுத் தேடுவது எளிது. பட்டியலில் ஐயத்திற்குரிய செயலியைத் தொட்டு, அதன் நிர்வாகி நிலையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, அமைப்புகள் பகுதியில் உள்ள செயலிகளின் பட்டியலுக்குச் சென்று, அச்செயலியை நீக்க வேண்டும். இப்போது தடையேதும் இராது. சில தீய செயலிகள் முகப்புத் திரையில் தம் குறியை மறைத்துக்கொள்வதால், முழுப்பட்டியலையும் பொறுமையாகப் பார்த்தல் நன்று.

விட மறுக்கும் செயலி

சில செயலிகள் எளிதில் விடுவதில்லை. நிர்வாகிகள் பட்டியலைத் திறந்தவுடன் அமைப்புகள் பகுதியையே மூடிவிடும். அல்லது பொத்தானைத் தொடுமுன் வேறொரு திரையைக் கொண்டுவந்து மறைக்கும். பெரும்பாலும் 'அணுகல்தன்மை' என்னும் வசதியே இதற்குத் துணைபுரிகிறது. பார்வைக் குறைபாடு உள்ளோர்க்குத் திரையைப் படித்துக் காட்டவும், கைகளை இயக்க இயலாதோர்க்காகப் பொத்தான்களை அழுத்தவும் உருவாக்கப்பட்ட அருமையான வசதி அது. அதன் அனுமதியைப் பெற்ற தீய செயலியோ, திரையில் தோன்றுவதைப் படித்து, நம் விரலுக்குப் பதிலாகத் தானே பொத்தான்களையும் அழுத்திவிடுகிறது.

இந்நிலையில் உதவுவது 'பாதுகாப்புப் பயன்முறை'. பெரும்பாலான திறன்பேசிகளில் மின்விசையை அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் 'அணை' என்னும் குறியைச் சற்று நேரம் தொட்டுக்கொண்டிருந்தால், இப்பயன்முறைக்கு மாறலாமா என்று திறன்பேசி கேட்கும். இசைவு தந்ததும் அது மீண்டும் தொடங்கும். அப்போது திறன்பேசியுடன் வந்த அடிப்படைச் செயலிகள் மட்டுமே இயங்கும். நாம் நிறுவிய செயலிகள் யாவும் உறங்கிக் கிடக்கும். தடுப்பார் இல்லாத அவ்வேளையில் நிர்வாகி அதிகாரத்தைத் திரும்பப் பெற்று, செயலியை நீக்கிவிடலாம். பிறகு திறன்பேசியை மறுபடி தொடங்கினால் வழக்கமான நிலைக்குத் திரும்பும்.

இதுவும் பயன் தராவிடில், இறுதி வழி தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல் ஆகும். அது திறன்பேசியில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும் என்பதால், ஒளிப்படங்களையும் தொடர்பு எண்களையும் முன்னரே படியெடுத்து வைக்க வேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருத்தல் வேண்டும். மீட்டமைத்தபின் திறன்பேசி அதனைக் கேட்கக்கூடும்.

நீக்கியபின் செய்ய வேண்டியவை

களையைப் பிடுங்கியதும் வயல் தூய்மையாகிவிட்டதாக உழவர் எண்ணுவதில்லை. வேர் எங்கேனும் தங்கியுள்ளதா என்று பார்ப்பர். அணுகல்தன்மை, அறிவிப்புகளைப் படித்தல், பிற செயலிகளின்மேல் தோன்றுதல், அறியப்படாத செயலிகளை நிறுவுதல் ஆகிய அனுமதிகளை யார் யார் பெற்றுள்ளனர் என்று அமைப்புகள் பகுதியில் பார்த்து, தேவையற்றவற்றை அணைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னும் பகுதியில் அறியாத கருவி இருந்தால் வெளியேற்ற வேண்டும். பிளே ஸ்டோரில் உள்ள பிளே புரொடெக்ட் வசதியால் திறன்பேசியை ஒருமுறை சோதித்தல் நன்று. கடவுச்சொற்களையும் பணப்பரிமாற்ற இரகசிய எண்களையும், தூய்மையான கருவியிலிருந்து மாற்றிவிட வேண்டும்.

பணம் இழந்திருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணைக் காலம் தாழ்த்தாமல் அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் முறையிடலாம். களவுபோன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் தகவல் கிடைத்தால், அதனை இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. வாடிக்கையாளர் வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நிகழும் மோசடி இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. எனவே, தெரிவித்த நேரமும் வங்கி தரும் புகார் எண்ணும் முதன்மையானவை.

வெட்கத்தால் மறைத்தலும் தவறு. நம் எண்ணிலிருந்து உறவினர்க்கும் ஊர்க்குழுக்களுக்கும் அதே கோப்பு சென்றிருக்கக்கூடும். "அதனைத் திறக்க வேண்டா" என்று ஒரு சொல் முன்கூட்டிச் சொன்னால், மற்றொரு வீட்டின் நெல் விற்ற பணம் தப்பும்.

எல்லா நிர்வாகியும் பகையல்ல

நிர்வாகிகள் பட்டியலில் காணப்படும் செயலிகள் அனைத்தும் தீயன அல்ல. தொலைந்த திறன்பேசியைக் கண்டறிய உதவும் கூகுளின் வசதியும் அங்கு இடம்பெறலாம். அதனை அணைத்தல் நமக்கே இழப்பாகும். பிள்ளைகளின் பயன்பாட்டைப் பெற்றோர் நெறிப்படுத்தும் செயலியும் அங்கு இருக்கக்கூடும். அலுவலகமோ கல்வி நிறுவனமோ வழங்கிய கருவியில் உள்ள நிர்வாகியை, வழங்கியவரின் இசைவின்றி நீக்குதல் முறையன்று. இச்செயலி எது, இதனை நிறுவியவர் யார், இதற்கு இவ்வதிகாரம் ஏன் தேவை என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்க வேண்டும். விடை தெரியாத செயலியின் அதிகாரத்தைத் திரும்பப் பெறுதல் வேண்டும்.

அதிகாரத்திற்கு ஓர் எல்லை

அதிகாரம் அளிக்கும்போதே அதற்கு எல்லை வகுப்பது தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. தஞ்சையை ஆண்ட சோழர் மரபில் வந்த முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியம் போன்றவற்றிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பதவிக்காலம் 360 நாள்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இழந்தார். ஏரியின் நீரை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த ஊரார், அப்பொறுப்பைத் திரும்பப் பெறும் வழியையும் கல்லில் எழுதி வைத்தனர்.

நம் திறன்பேசியில் அத்தகைய கால எல்லை இல்லை. ஒருமுறை தொட்டுக் கொடுத்த அதிகாரம், நாம் திரும்பப் பெறும்வரை நிலைத்திருக்கும். ஆதலால் கணக்குக் கேட்கும் கடமை நம்முடையது. திங்களுக்கு ஒருமுறையேனும் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து பார்ப்பதும், செய்தியில் வரும் கோப்பிலிருந்து செயலி எதனையும் நிறுவாதிருப்பதும், 'செயல்படுத்து' என்னும் பொத்தானைத் தொடுமுன் அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படிப்பதும் பழக்கமாக வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டில், அப்பட்டியலைப் பெரியோர்க்குப் படித்துக் காட்டுவதும் அப்பிள்ளையின் கடமையே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள திறன்பேசியின் நிர்வாகிகள் பட்டியலைப் பெற்றோர் முன்னிலையில் திறந்து, அதில் உள்ள செயலிகள் ஒவ்வொன்றும் அங்கு இடம்பெற்றதன் காரணத்தை எழுதுக.

2. 'செயலிக்கு அளிக்கும் அனுமதியும் நிர்வாகி அதிகாரமும்' – இவற்றிடையே உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர்ப் பாசன முறையுடன் ஒப்பிட்டு விளக்குக.

3. போலிச் செயலி குறித்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒட்டத்தக்க அறிவிப்பு ஒன்றினை எளிய தமிழில் உருவாக்குக.